அளப்பவன் யாருக்குக் கணக்குச் சொல்லுவது?

சிட்லபாக்கம், சேலையூர், தாம்பரம் பக்கத்துத் தோழர்கள் சிலர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பற்றி நம்மிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள். "அங்கிருந்து வெளிவரும் கதிரியக்கத்தால் நமக்குக் கெடுதி உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்" என்பதே அக்கேள்வி.

ஒரே வார்த்தையில் சொல்லிவிடக் கூடியவர்கள் நம் நாட்டில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார், "பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் உனக்கென்ன பேச்சு?" என்பார்கள். மற்றொரு கூட்டத்தார், "அங்கே மீன் செத்தது, இங்கே பிள்ளை நொண்டியாய்ப் பிறந்தது, எல்லாம் அந்த உலையால்தான்" என்பார்கள். முன்னவர் எதையும் அளந்து பார்த்தவரல்ல. பின்னவரும் அளந்து பார்த்தவரல்ல. பெரியவர் வாக்கு என்று நம்புவதும், ஊர்ப்பேச்சு என்று நம்புவதும் நம்மைப் பொறுத்தவரையில் ஒரே ஜாதிதான். ஆதலால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் வித்தை நமக்குத் தெரியாதென்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாக நாம் ஒன்று கேட்கிறோம். அந்தக் கதிரை அளப்பவன் யார்? அளந்ததை அவன் யாரிடம் போய்ச் சொல்லுகிறான்?

சிட்லபாக்கத்தார் தங்கள் ஏரிக்காகப் பட்ட பாட்டை எல்லோரும் அறிவார்கள். ஏரியில் சாக்கடை கலந்ததும், கரையில் குப்பை மலைபோல் குவிந்ததும் எப்படித் தெரிந்தது? நாற்றம் அடித்தது, தண்ணீர் நிறம் மாறிற்று, கொசு மொய்த்தது. ஊரார் கூடிச் சத்தம் போட்டார்கள்; உத்தியோகஸ்தர்கள் வாசலுக்கு நடந்தார்கள்; மூக்கும் கண்ணுமே சாட்சி. கதிரியக்கத்துக்கோ நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. பத்தாவது வீட்டுப் பாட்டிக்கும் அது தெரியாது, பட்டம் பெற்ற இஞ்சினீயருக்கும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கருவி ஒன்றே சாட்சி. கருவி வைத்திருப்பவன் வாயைத் திறந்தால்தான் நமக்குச் செய்தி. ஆகவே மற்ற அசுத்தங்களைக் காட்டிலும் இந்த விஷயத்தில் அளக்கிறவனுடைய யோக்கியதையும் அவனுடைய சுதந்திரமுமே முக்கியம் என்கிறோம்.

சிட்லபாக்கத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர்தான். அவசர காலத் திட்டத்துக்கென்று உலையைச் சுற்றி வகுக்கப்பட்ட வட்டம் 16 கிலோமீட்டர். அதற்கு வெளியே இருப்பவனுக்குக் கவலை வேண்டாம் என்பது சட்டத்தின் கணக்கு. காற்றின் கணக்கு வேறு. 1986 ஏப்ரல் 26ந் தேதி ருஷியாவின் ஆட்சியில் இருந்த செர்னோபிலில் உலை வெடித்தது. உலகத்துக்கு அது எப்படித் தெரிந்தது? இரண்டு நாள் கழித்து, 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடன் தேசத்துப் பார்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு தொழிலாளியின் செருப்பில் ஒட்டியிருந்த தூசு கருவியில் பட்டு மணி அடித்தது. தங்கள் உலையில்தான் கசிவோ என்று அவர்கள் தேடிப் பார்த்து, அல்லவென்று கண்டு, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்குப் போட்ட பிறகு, அன்று மாலை சோவியத் சர்க்கார் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டு நாளும் உலைக்கு அருகே இருந்த கிராமங்களில் குழந்தைகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. பாலில் அயோடின் 131 இருந்தது. பின்னால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் கண்டது. அயோடின் 131இன் வீரியம் எட்டு நாளில் பாதியாகிவிடும். பாலை நிறுத்துங்கள் என்று ஒருவன் அதிகாரத்தோடு அன்றே சொல்லியிருந்தால் போதும்.

நிற்க, கல்பாக்கத்தில் அளப்பவர்கள் இல்லையோ என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இருக்கிறார்கள். 1983இல் முதல் உலை இயங்கத் தொடங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னமேயே சுற்றுப்புறத்தை ஆராய அங்கு ஒரு சோதனைச்சாலை ஏற்படுத்தப்பட்டது. இது நல்ல ஏற்பாடு என்று தாராளமாய்ச் சொல்லுவோம். ஏனெனில் அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாது இயற்கையாகவே கலந்திருக்கிறது. அதில் தோரியம் உண்டு. அது எந்த உலையும் இல்லாத காலத்திலேயே கதிர் வீசிக்கொண்டுதான் இருந்தது. உலை வருமுன் எவ்வளவு என்று எழுதி வைத்தால்தானே, வந்தபின் கூடியது எவ்வளவு என்று சொல்ல முடியும்? நோயாளி வருமுன் தராசைச் சரிபார்த்து வைக்கும் வைத்தியன் செய்கிற காரியம் இது.

இப்படிப்பட்ட குழுவுக்குத் தலைமை வகிப்பவன் என்ன செய்கிறான்? பௌதிகம் படித்தவர், ரசாயனம் படித்தவர், ஜீவ சாஸ்திரம் படித்தவர், ஜீப் ஓட்டுகிறவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போக வேண்டும். சதுரங்கப்பட்டினத்து மீன், புதுப்பட்டினத்துக் கிணற்று நீர், சுற்றுக் கிராமங்களின் பால், அரிசி, கீரை, கடற்பாசி, மணல், காற்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வர வேண்டும். கசாப்புக் கடையில் ஆட்டின் தைராய்டுச் சுரப்பியைக்கூடக் கேட்டு வாங்கி வருகிறார்கள். ஆடு ஊரெல்லாம் மேய்ந்து புல்லில் விழுந்த அயோடினை ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக் கொடுத்துவிடும். இந்த ஒரு தந்திரத்துக்காகவே அவர்களைப் பாராட்டலாம். பிறகு மீனைச் சாம்பலாக்கி, அதில் 30 வருஷத்தில் பாதியாகும் சீசியம் 137 எவ்வளவு, எலும்பில் போய்த் தங்கும் ஸ்ட்ரான்ஷியம் 90 எவ்வளவு என்று எண்ணுகிறார்கள். கனநீரிலிருந்து வரும் டிரிட்டியத்தைத் தண்ணீரில் தேடுகிறார்கள். கல்பாக்கத்து உலைகளில் உலைத்தொட்டியைச் சுற்றியுள்ள அறை காற்று நிரம்பியதாய் அமைக்கப்பட்டதால் அக்காற்றிலுள்ள ஆர்கான் கதிரியக்கம் பெற்றுப் புகைபோக்கி வழியே போகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஆனால் காற்று எந்தக் குப்பத்தின் பக்கம் அடிக்கிறது என்று அந்த இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் கட்டிய உலைகளில் அவ்வறையில் தண்ணீரை நிரப்பி இதைக் குறைத்துவிட்டார்கள். அளந்து பார்த்தவன் இருந்ததால் வந்த திருத்தம் இது.

இந்த வேலைக்குப் பயபக்தி உதவாது. ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனம் குங்குமம் இட்டால் அது சரியாய் அளந்துவிடாது. அளவு தெரிந்த கதிர்ப் பொருளோடு வைத்து ஒப்புப் பார்த்தால்தான் அளக்கும்.

இயற்கையாய் வருவது போக, பொது ஜனங்களில் ஒருவனுக்கு உலையால் வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக்கூடாதென்பது விதி. மில்லிசீவர்ட் என்பது கதிர் உடம்புக்குச் செய்யும் கேட்டை அளக்கும் அளவு. உலகத்தில் சராசரி மனிதன் இயற்கையிலிருந்தே வருஷத்துக்கு 2.4 வாங்கிக்கொள்ளுகிறான். கல்பாக்கத்து வேலி ஓரத்து ஜனங்களுக்குச் சேர்வது அந்த 1இல் ஒரு சிறு பங்கே என்று சர்க்கார் ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. அதைப் பொய்யென்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. ஆதாரமில்லாமல் பொய்யென்று சொல்லுவது நம் வழக்கமுமல்ல. ஆனால் மாமூல் நாளில் உண்மை சொல்லுகிறவன் கெட்ட நாளிலும் சொல்லுவானா, சொல்ல விடுவார்களா என்பதே நம் சந்தேகம். அந்தச் சந்தேகம் கல்பாக்கத்திலேயே நடந்த ஒன்றால் வந்தது.

2003 ஜனவரி 21ந் தேதி. உலையில் எரிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையில், வீரியம் குறைந்த கழிவென்று எண்ணப்பட்ட தொட்டி ஒன்றிலிருந்து மாதிரி எடுத்தார்கள். இடையிலிருந்த வால்வு பழுதாகி வீரியம் மிகுந்த கழிவு அதில் கலந்திருந்தது. அவ்விடத்தில் கதிர் அளக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஆறு தொழிலாளிகள், ஒரு தொழிலாளிக்கு ஒரு வருஷத்துக்கென்று விதித்த எல்லையான 30 மில்லிசீவர்ட்டைப் போல் பல மடங்கு கதிரை வாங்கிக்கொண்டார்கள். தொழிலாளர் சங்கத்தார் உடனே மேலதிகாரிகளுக்கு எழுதினார்கள். பாதுகாப்புக்கென்று தனி அதிகாரி வேண்டுமென்று கேட்டார்கள். ஊருக்கோ ஆறு மாதத்துக்குப் பின்புதான் பத்திரிகை வாயிலாகத் தெரிந்தது. அந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்புதான், 2000இல், அந்நிலையத்தைச் சேர்ந்த ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து எடுத்து, அந்நிலையத்தின் சொந்தக் குழுவிடமே ஒப்படைத்து சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. மருமகளுக்குத் தீர்ப்புச் சொல்ல மாமியாரை நியமிப்பது என்று கிராமத்தில் சொல்லுவார்களே, அது இதுதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதியல்ல. இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் என்ற இடத்தில் உலை கட்டிக்கொண்டிருந்த போது காக்கிராப்ட் என்ற விஞ்ஞானி, புகைபோக்கியின் தலையில் வடிகட்டி வைத்தே தீர வேண்டுமென்று பிடிவாதம் செய்தார். கட்டடம் பாதி எழும்பிய பிறகு இதென்ன வீண் செலவு என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். சுமார் 120 மீட்டர் உயரத்தில் கூடை போல் உட்கார்ந்திருந்த அந்த வடிகட்டிகளுக்குக் "காக்கிராப்டின் முட்டாள்தனம்" என்றே பெயரிட்டுச் சிரித்தார்கள். 1957 அக்டோபரில் உலை தீப்பற்றிற்று. வெளியே போயிருக்க வேண்டிய விஷத்தில் பெரும் பங்கை அந்த முட்டாள்தனந்தான் பிடித்து வைத்துக்கொண்டது. பாலைச் சோதித்து, சுமார் 500 சதுர கிலோமீட்டர் நிலத்துப் பண்ணைகளின் பாலை வாங்கிக் கொட்டினார்கள். அவ்வளவு நன்றாய் வேலை நடந்த தேசத்திலும், விபத்து விசாரணையின் முழு அறிக்கையைப் பிரதம மந்திரி மாக்மில்லன் பூட்டி வைத்தார். 1988இல்தான் ஜனங்கள் கண்ணில் பட்டது. 2011இல் ஜப்பானில் புகுஷிமா உலைகள் உருகின. மறு வருஷம் அந்நாட்டுப் பார்லிமெண்டு நியமித்த விசாரணைக் குழு, கடல் பொங்கியது உண்மையானாலும் கேடு மனிதனால் விளைந்ததென்றும், மேற்பார்வை செய்தவர்களும் மேற்பார்வைக்குட்பட்ட கம்பெனியும் கைகோத்திருந்தார்கள் என்றும் எழுதிற்று. அந்த மேற்பார்வை இலாகா, அணுமின்சாரத்தைப் பரப்பும் மந்திரி இலாகாவுக்குள்ளேயே இருந்தது.

நம் வாரியம் 1983இல் ஏற்பட்டது. அது அணுசக்திக் கமிஷனுக்குக் கணக்குச் சொல்லிற்று. கமிஷன் தலைவரோ உலைகளைக் கட்டும் இலாகாவின் காரியதரிசி. 2012இல் இந்திய சர்க்காரின் தலைமைத் தணிக்கை அதிகாரியே இந்த வாரியத்துக்குச் சுதந்திரமில்லை என்று அறிக்கை எழுதினார். அதே அறிக்கையில் இன்னொரு விஷயம் நம் கடைத்தெருவைப் பற்றியது: நாட்டிலிருந்த 57,443 எக்ஸ்ரே கூடங்களில் வாரியத்தில் பதிவானவை 5,270தான். கல்பாக்கத்தை நினைத்துப் பயப்படுகிற தோழர், கால் சுளுக்குக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகையில் சுவரில் அனுமதிப் பத்திரம் தொங்குகிறதா என்று பார்த்ததுண்டா? 2010இல் டில்லி சர்வகலாசாலையில் பல காலமாய் உபயோகமில்லாமல் கிடந்த கோபால்ட் 60 கருவியைப் பழைய இரும்போடு ஏலத்தில் விற்றுவிட்டார்கள், மாயாபுரியில் காயலான் கடை ஆட்கள் அதை உடைத்தார்கள், ஒருவர் இறந்தார். படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்து போன சாமான் அது.

2025 டிசம்பரில் பார்லிமெண்டு 1962ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தை நீக்கி வேறு சட்டம் செய்து, வாரியத்துக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. அதுமட்டில் சந்தோஷமே. அதே சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் உலை நடத்தக் கதவைத் திறந்துவிட்டது. லாபம் பார்க்கிற முதலாளியின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் ஆள், அதே முதலாளியின் புகைபோக்கியை அளந்து, "இன்று உலையை நிறுத்து" என்று சொல்லுவானென்று எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் புத்திசாலித்தனம்?

நாம் கேட்பது அதிகமில்லை. சுற்றுப்புறத்தை அளக்கும் குழுவின் தலைவனுக்குச் சம்பளமும் பதவி உயர்வும் உலை நடத்துகிறவன் கையில் இருக்கக்கூடாது. அளந்த எண்களை, இங்கிலீஷ் அறிக்கையில் வருஷத்துக்கொரு தடவை அச்சிடுவதோடு விடாமல், பாலுக்கு இவ்வளவு, மீனுக்கு இவ்வளவு, எல்லை இவ்வளவு என்று தமிழில் மாதந்தோறும் ஒவ்வொரு பஞ்சாயத்துப் பலகையிலும் ஒட்ட வேண்டும். மீனவர் குப்பத்துப் பிள்ளைகளில் படித்த நாலு பேரைப் பழக்கி, மாதிரி எடுக்கும்போதும் எண்ணும்போதும் கூட நிறுத்திக்கொள்ள வேண்டும். இப்படிக் கேட்டவனைத் தேசத்துரோகி என்று சொல்லக்கூடாது. கூடங்குளத்தில் இடிந்தகரை ஜனங்கள் கேள்வி கேட்டதற்கு 2011, 2012 வருஷங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். ஆபத்தில்லை என்பது உண்மையானால், எண்ணைக் காட்டிவிட்டுப் போவதைவிட வழக்குப் போடுவது சுலபமா?

சதுரங்கப்பட்டினத்து மீன்காரி தன் கூடையிலிருந்து மாதிரி மீனை எடுத்துக் கொடுக்கிறாள். அந்த மீனில் என்ன இருந்ததென்று அடுத்த மாதம் அவள் வந்து கேட்டால், மேலிடத்து உத்தரவை எதிர்பாராமல் அவளுக்குப் பதில் சொல்ல அந்தக் குழுத் தலைவனுக்கு அதிகாரம் உண்டா, இல்லையா? சம்பந்தப்பட்டவர்கள் இதற்குத் தமிழில் பதில் எழுதியனுப்பினால் அப்படியே பிரசுரிக்கிறோம்.