ஆடற்களத்துப் பாணன்

வாளேந்துவோனே வலியன், யாழேந்துவோன் அவன் பின் செல்லும் வெறுந்துணைவன் என்னும் எண்ணம் நம்மனோரிடை வேரூன்றி நிற்கின்றது. கற்பனைக் கதைகளில் வேடம் ஏற்று ஆடும் விளையாட்டில் இவ்வெண்ணம் நன்கு வெளிப்படும். இது பிழைபட்டதென நிறுவுதலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

அவ்விளையாட்டினை அறியாதார் பொருட்டு ஒரு சொல். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்தமர்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஒவ்வொரு வேடம் பூண்டு, தாம் செய்யக் கருதியதை வாயாற் கூறுவர். அது கைகூடுமோ என்பதனை இருபது முகமுள்ள பகடை காட்டும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுக்கு வழிகாட்டியாயிற்று. 1976-இல் டக் ஷ்வெக்மன் என்பார் அதனுட் பாணன் வேடத்தைச் சேர்த்தார். நார்வே முதலிய வடபுலத்துப் புலவரையும், கெல்டியப் பாணரையும், தென்னைரோப்பிய ஊர்சுற்றிப் பாடகரையும் ஒருங்கு கலந்து அவர் அதனைச் சமைத்தார்.

வில்லாபுரத்தில் யானும் நண்பர் சிலரும் விடுமுறை நாட்களில் இதனை ஆடுவதுண்டு. வாளுக்குப் போட்டி மிகுதி. யாழை விரும்புவார் அரியர். “பாட்டுப் பாடியா பூதத்தைக் கொல்வாய்?” என நகைப்பர். “தமிழ் படித்து என்ன செய்யப் போகின்றாய்?” என்று உறவினர் வினவுவதும் இதுவே அன்றோ? இரண்டு வினாவும் ஒரு வேரிற் கிளைத்தவை. ஆதலின் ஒன்றற்கு விடை கூறின் மற்றொன்றற்கும் கூறியதாகும்.

பாணனது முதல் வலிமை பிறரை வலியராக்குதல். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, பாணன் தன் தோழன் ஒருவனுக்கு ஊக்கப் பகடை ஒன்றினை அளிக்கலாம். தோழன் தளரும் வேளையில் அதனை உருட்டித் தன் எண்ணோடு கூட்டிக்கொள்வான். ஆயின் பாணன் அதனைத் தனக்கே அளித்துக்கொள்ளல் இயலாது. இவ்விதி எனக்கு மிக உவப்பானது. பரிசில் பெற்ற பாணன், தான் பெற்ற வளத்தைத் தன்னளவில் மறைத்து வையாது, எதிர்ப்பட்ட வறியோனுக்கு வழிகாட்டுதலை ஆற்றுப்படை என நம் முன்னோர் ஓர் இலக்கிய வகையாகவே வகுத்தனர் அல்லரோ?

இரண்டாவது, ஆற்றும் வலிமை. அப்பதிப்பிலே பாணன் பாடத் தோழர் இளைப்பாறின், இழந்த வலிமையைச் சற்று மிகுதியாகப் பெறுவர். இது வெறுங்கற்பனை என்பார் புறநானூற்று 281-ஆம் பாட்டினை நோக்குக. புண்பட்ட தலைவன் கிடக்கும் மனையில் வேம்பு செருகி, யாழும் பிறவும் இசைத்து, காஞ்சிப்பண் பாடிக் காத்தலை அரிசில் கிழார் காட்டுகின்றார். விவிலியத்தில் சவுல் மன்னனின் கலக்கம் தாவீதின் சுரமண்டலத்தால் தணிந்ததும் நாம் அறிந்ததே.

மூன்றாவது, கொல்லாது வெல்லுதல். பாலைப்பண் கேட்ட ஆறலை கள்வர் தம் படைக்கலத்தை நழுவவிட்டுக் கொடுமை நீங்குவர் என்று பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் கூறுவார். வாள் வீரன் அக்கள்வரைக் கொல்லுதல் கூடும், மாற்றுதல் கூடுமோ? நம் மதுரைக்குரிய திருவிளையாடற் கதையிலும், ஏமநாதன் செருக்குற்றபோது பாண்டியன் அவனுக்கெதிராகத் தேடியது படையன்று, பாணபத்திரரின் பாட்டே.

இனி, மறுப்பார் கூற்றிலும் உண்மை உண்டு. தனித்து நிற்கும் பாணன் போரில் மெலியன். அன்றியும் நாவன்மை பொய்க்கும் துணையாகும். பரத்தையிற் பிரிந்த தலைவனுக்காக வாயில் வேண்டிவரும் பாணனைத் தலைவி பொய்யனென்று கடிந்துரைக்கும் பாட்டுக்கள் அகநூல்களிற் பல. பொருள் கருதி யாரையும் புகழ்வோன் கையில் யாழ் வெறுங்கருவியே. ஆயினும் ஔவையாரை நோக்குக. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர், அழகுற வைக்கப்பட்ட அவன் படைக்கலங்களைப் புகழ்வார்போன்று, தம் தலைவன் படைக்கலங்களோ போரிற் சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடப்பன என்றார். புகழ்ச்சியின் உள்ளே எச்சரிக்கையை வைத்த அத்துணிவே பாணனைப் பொய்யனினின்று பிரிக்கும் எல்லை.

ஷ்வெக்மன் கலந்த மூன்று மரபுகளுள் தமிழ்ப்பாணன் இல்லை. அதுபற்றி நாம் வருந்த வேண்டுவதில்லை. நாமே அவனை அம்மேசைக்கு அழைத்து வருதல் தகும். ஆயின் ஒன்று: கதையிற் பாணனைப் போற்றிவிட்டு, பறையும் நாயனமும் இசைப்போரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்துவோமாயின் நம் ஆட்டம் போலியே. அரசவையில் அமர்ந்த பாணர் குடி பிற்காலத்தில் இழிவாக எண்ணப்பட்டது. பாணர் குலத்தவராகிய திருப்பாணாழ்வார் அரங்கத்துள் புகாது காவிரிக்கரையில் நின்று பாடினார் என்பது வரலாற்று மரபு. இசையைக் கொண்டு இசைத்தோனைத் தள்ளிய குற்றம் நம் நாட்டிற்குரியது.

ஆதலின் நண்பர்காள், அடுத்த முறை வேடம் தேரும்போது ஒருவரேனும் யாழை எடுமின். தமிழ் பயின்று யாது பயன் என்று வினவுவார்க்கு, உடன் வருவோர் தளராது செல்லச் சொல் வழங்குதலே பயன் என்று நாணாது கூறுமின். வாளேந்தியோர் ஐவர் இருப்பினும், அஞ்சி நிற்கும் வேளையில் அவர்களை முன்செலுத்தும் குரல் ஒன்று வேண்டும்.