பெட்டியில் உறங்கும் சேலைகள்

தொற்காள் மரித்தபோது யோப்பா பட்டணத்து விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதார்கள். அவர்கள் அவருக்குக் காட்டியவை அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளும் வஸ்திரங்களுமே என்று அப்போஸ்தலர் நடபடிகளின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. அவள் பேசிய சொல் ஒன்றேனும் அங்கே எழுதப்படவில்லை. துணியே அவளுக்குச் சாட்சியாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏழைகளுக்கு உடை தைத்துக் கொடுக்க எழுந்த மாதர் சங்கங்கள் அவள் பெயரையே சூடிக்கொண்டன.

நமது மலையகத்துத் தாய்மாரும் துணியையே விட்டுச் சென்றார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு பாட்டிக்குக் காணி உறுதி இருந்ததில்லை. குடியிருந்த லயன் அறையும் தோட்டத்துக்கே உரியது. நகை இருந்திருப்பின் அது பெரும்பாலும் அடகுக் கடையைக் கண்டிருக்கும். எஞ்சியது ஒரு தகரப் பெட்டியும் அதனுள் மடித்து வைத்த சில சேலைகளுமே. பேரப்பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்ட பின்னரும் அப்பெட்டி திறக்கப்படாமல் கிடக்கிறது. திறந்தால் அழுகை வரும் என்பதும் உண்மை. பூச்சி அரிக்கும் என்பதும் உண்மை.

அச்சேலைகளை ஒட்டுப் போர்வைகளாகத் தைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல விழைவது. அவற்றுள் ஒன்று குடும்பத்துக்கு என்றால், அதே சேலையின் மறுபாதியில் மற்றொன்று குளிரில் கிடக்கும் அந்நியருக்கு. நல்லதை நமக்கு வைத்துக்கொண்டு நைந்ததைத் தருமத்துக்குக் கட்டும் பழக்கம் நம் சபைகளிலும் உண்டு. அதை நான் தருமம் என்று கொள்வதில்லை. அது பெட்டியைக் காலிசெய்யும் வழி.

போர்வை என்பது இம்மலைகளில் சிறிய காரியமன்று. நுவரெலியா 6,000 அடிக்கு மேல் அமைந்தது. தை மாதத்து விடியலில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அக்காலத்தில் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்குக் கம்பளி வழங்கப்பட்டது. இரவில் போர்வையும் மழையில் குடையும் அதுவே. ஆயின் அதன் விலை அவர்களுடைய கடன் கணக்கில் ஏறியது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, இரவில் அவன் போர்த்துக்கொள்ள வேறொன்றுமில்லை என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. குளிர்காயவும் கடன்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அக்கட்டளையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவுகளும் மலைநாட்டுக் குடும்பங்களை வீடுகளினின்று விரட்டியபோது, நனைந்த உடையோடு வெளியேறியோருக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டது போர்வையே.

துன்புற்றோருக்குப் பழையதைக் கொடுப்பது இழிவல்லவா, புதிய போர்வை வாங்கித் தரலாகாதா என்று கேட்பார் உண்டு. வாங்கித் தர இயன்றவர் தாராளமாய்த் தரட்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் உடுத்த முடியாத பழந்துணிகள் தெருவோரங்களில் குவிந்து கிடந்தன, அது இழிவுதான். ஆனால் இழிவு துணியின் வயதில் இல்லை, அதன்மேல் ஒருவரும் கைவைத்து உழைக்காமல் எறிந்ததில் இருந்தது. அவ்வாறு எஞ்சிய துணியை அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு வேண்டிய பொருள்களாக மாற்றியது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த ‘சுஜனி’ விரிப்புகளையும் அது செய்விக்கிறது. வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி, கன்னட நாட்டில் கவுதி என்று இக்கைத்தொழில் பாட்டிமார் கையில் வாழ்ந்தே வந்துள்ளது. அமெரிக்க லூதரன் சபைப் பெண்கள் தைக்கும் போர்வைகள், 1945இல் தோன்றிய தங்கள் நிவாரண நிறுவனத்தின் வழியாக இலட்சக்கணக்கில் உலகெங்கும் செல்கின்றன.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் நமக்கு இன்னும் நெருக்கமானது. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே கந்தல் துணியில் போர்வை தைத்தார்கள். அவர்களுள் ஒருவரான மிசௌரி பெட்வே, 1942இல் கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்திய வேலை உடைகளையே வெட்டி ஒரு போர்வையாக்கினார். வெயிலில் வெளுத்த அத்துணியை அவர் அலமாரியில் பூட்டவில்லை, போர்த்துக்கொண்டார்.

இறந்தவர் துணி ஆகாது என்னும் எண்ணம் கிறிஸ்தவ வீடுகளிலும் உள்ளது. அதை வாதத்தால் வெல்ல முயல்வது வீண். பாட்டி உயிரோடிருக்கும்போதே அவரிடம் கேட்டு ஒரு சேலையை வாங்கி, அவரையே முதல் தையல் போடச் சொல்வது மேல்.

இனித் தையலைப் பற்றி. ஐந்தரை மீற்றர்ச் சேலையை மூன்றாய் மடித்தால் ஓராள் போர்த்தும் அளவில் மூன்றடுக்குத் துணி கிடைக்கும். நைந்த பகுதிகளை நீக்குவதால் ஒரு போர்வைக்கு இரண்டு சேலைகள் வேண்டிவரும். ஆகவே நான்கு சேலைகளை இரு பங்காக்கினால் வீட்டுக்கு ஒன்று, பிறருக்கு ஒன்று. கரைகளைத் தனியே வெட்டி ஓரப்பட்டியாக வைக்கலாம். அடுக்குகள் நழுவாதபடி இரு விரற்கடை இடைவெளியில் ஓட்டுத்தையல் போட வேண்டும். கோடித்துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று ஆண்டவர் சொன்னது தையற்காரர் அறிந்த உண்மை. புதுத்துணி சுருங்கும், சேர்க்குமுன் அதை நனைத்துக் காயவைக்க வேண்டும். நைலெக்ஸ் போன்ற செயற்கை இழைச் சேலைகளைப் பருத்தியோடு கலக்க வேண்டாம். அடுப்பருகே உறங்கும் பிள்ளைக்கு அவை ஆபத்து: தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

போர்வையில் சபையின் பெயரையோ கொடுத்தவர் பெயரையோ அச்சிடுவது எனக்கு உடன்பாடில்லை. உறங்குகிறவர்மேல் விளம்பரம் எதற்கு? பாட்டியின் பெயரை உள்மடிப்பில் நூலால் சிறிதாய்த் தைத்துவிட்டால் போதும்.

மாதர் சங்கங்கள் இதை மேற்கொள்வதாயின் நத்தாருக்கென்று காத்திராமல் ஆண்டின் தொடக்கத்திலேயே பெட்டிகளைத் திறக்கலாம். ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் பெப்ரவரியில்தான் மழை ஓரளவு குறைகிறது. அப்போது துவைத்த துணிதான் உள்வரை உலரும்.