பூச்சுக்கு ஆயிரம், கழுவச் சலவைத்தூளா?

கொடும்பாளூர், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். வெயிலும் புழுதியும் உள்ள பக்கம். இங்கு ஓடும் காருக்குச் செராமிக் பூச்சு நல்லதுதான். பெயிண்டின் மேல் கண்ணாடிபோல் படியும் மெல்லிய படலம் அது. தண்ணீர் ஒட்டாது.

ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பூசிவிட்டு, சலவைத்தூளைக் கரைத்துக் கழுவலாமா? அதில் காரம் அதிகம். நாளடைவில் பூச்சின் குணம் குறையும். காரமும் அமிலமும் இல்லாத கார் ஷாம்பு ஒரு புட்டி போதும். மேலே மெழுகு எதற்கு? கடையில் அடுக்கியிருக்கும் மற்றப் புட்டிகள் பெரும்பாலும் வீண் செலவே!

உண்மையான எதிரி ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். செராமிக் பூச்சும் அதைத் தடுக்காது. நிழலில் கழுவி, ஈரம் காயுமுன் சுத்தமான மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பழைய வேட்டித் துணி வேண்டாம். அதில் ஒட்டிய மணல் கீறிவிடும்.