முட்டி வலி: அம்மா சொல்லாததும், நாம கேட்காததும்!

"வயசாகுதுல்ல... முட்டி வலிக்கத்தேன் செய்யும்!"

மதுரை மாவட்டம், டி.கல்லுப்பட்டி பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். காட்டு வேலையில் குத்தவெச்சுக் களையெடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள், இந்த வலியை ஒரு நோயாகவே நினைப்பதில்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

மூட்டுத் தேய்மானம், அதாவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், 2019-ல் உலகம் முழுக்க 52.8 கோடிப் பேருக்கு இருந்ததாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் சுமார் 60 சதவிகிதம் பெண்கள். பலர் இதை 'எலும்புத் தேய்மானம்' என நினைத்து கால்சியம் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். எலும்பின் அடர்த்தி குறைவது வேறு பிரச்னை. இதில் குருத்தெலும்பு, அதன் அடியில் இருக்கும் எலும்பு, சவ்வு என மூட்டு முழுவதுமே பாதிக்கப்படுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வயது 45 அல்லது அதற்கு மேல். நடந்தால், படி ஏறினால் வலி. காலையில் மூட்டு இறுக்கம் இல்லை, இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இந்த மூன்றும் இருந்தால், எக்ஸ்-ரே இல்லாமலே மருத்துவர் உறுதிசெய்யலாம் என்கிறது பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். காரணம், எக்ஸ்-ரே படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆனால் இறுக்கம் ரொம்ப நேரம் நீடித்தாலோ, மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பார்க்கணும்.

தொடை தசையை வலுவாக்கும் உடற்பயிற்சியும், எடை அதிகமிருந்தால் குறைப்பதும்தான் முதல் மருந்து. மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து போட்டால், வயிறும் கிட்னியும் அடிவாங்கும். கடைசிக் கட்டம்தான் அறுவை சிகிச்சை. 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அப்போது அதிகம் பயன்பாட்டில் இருந்த வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என நிர்ணயித்தார்கள். ஆனாலும் அது மூட்டுக்கான விலை மட்டும்தான். ஆஸ்பத்திரி செலவு தனி.

2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. ஆனால் வலி இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னால்தானே, வீடு தேடி வருபவர்களுக்கும் தெரியும்?

இன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் பண்ணும்போது, "சாப்டியாம்மா?"வோடு நிறுத்தாதீங்க. "கீழ உட்கார்ந்து எந்திரிக்க முடியுதாம்மா?"ன்னும் கேளுங்க.