நஷ்டத்தின் பாரம் யார் தோளில்?

வியாபாரத்தில் நொடித்துப்போன ஒரு கிறிஸ்தவனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வார்த்தைகளில் ஒன்றையே கொண்டுவருகிறார்கள்: என்றோ செய்த பாவத்துக்கு ஆண்டவர் அளித்த தண்டனை இது என்பது ஒன்று, இது சோதனைக் காலம், பொறுத்திருந்தால் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பிவரும் என்பது மற்றொன்று. முன்னது கேட்பவனின் நெஞ்சைப் புண்படுத்துகிறது, பின்னது இனிக்கிறது. ஆயினும் ஆழ்ந்து நோக்குமிடத்து, சர்வேசுரனுடைய அனுக்கிரகத்தைக் கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தில் தேடுகிற ஒரே மயக்கத்திலிருந்து பிறந்தவையே இவ்விரண்டும். திருப்பூரில் சிறியதொரு பனியன் கம்பெனியை நடத்திவரும் கத்தோலிக்கன் என்ற முறையில், இத்தகைய ஆறுதல்கள் பிரசங்கங்களிலும் ஜெபக்கூட்டங்களிலும் நாளுக்கு நாள் பெருகுவதைக் கண்டு மனம் வருந்தியே இதை எழுத முற்படுகிறேன்.

இரு சாராரும் யோபுவின் சரித்திரத்தைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். ஆடு, மாடு, ஒட்டகம், பெற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் அழிந்தன என்று தொடங்கி, கடைசி அதிகாரத்தில் சம்பத்து இரு மடங்காயிற்று என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி அதிகாரத்திலேதான், துன்பத்துக்குக் காரணம் பாவமே என்று வாதாடிய சிநேகிதர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார் என்பதையும், தாம் ஏன் துன்புற்றார் என்ற காரணம் யோபுவுக்கு இறுதிவரை சொல்லப்படவேயில்லை என்பதையும் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. நம் மண்ணிலேயே அந்தச் சரித்திரத்தைக் கேட்டுத் தேறியவர் ஒருவர் உண்டு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளைக்குக் கால்நடைகள் மாண்டு, பயிர் பொய்த்து, குடும்பம் தளர்ந்திருந்த வேளையில், 1741-இல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூரின் சேவகத்தில் அமர்ந்த டச்சுத் தளபதி தெலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதையே. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்ற பெயரைத் தரித்த அவருக்கு இழந்த மாடுகள் இரட்டிப்பாக வந்தனவா? இருந்த உத்தியோகமும் போயிற்று; எருமையின் மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள்; 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது, யோபு சரித்திரத்தை அதன் முழு அர்த்தத்தோடு கேட்ட ஒரு செவியை அது கௌரவித்தது என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் ஊரின் துன்பங்கள் அத்தனை உன்னதமானவையல்ல. அவை தேதியும் தொகையும் உடையவை. நொய்யல் ஆற்றை நஞ்சாக்கிய சாயக்கழிவை முன்னிட்டு 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2016 நவம்பரில் நோட்டுகள் செல்லாமற்போய் வாரக் கூலி கொடுக்கக் காசில்லாமல் திண்டாடினோம். 2020-இல் கொள்ளை நோய் வந்தது. அமெரிக்கா நம் சரக்கின்மீது விதித்த கூடுதல் வரி 2025 ஆகஸ்டு 27 முதல் 50 சதவீதமாயிற்று. இவற்றுள் முதலாவதை நான் மற்றவற்றோடு சேர்த்து எண்ண மாட்டேன்; ஆற்றையும் அதன் கரையிலிருந்த உழவரையும் நாங்கள் வருத்தியதன் விளைவு அது, அதைச் சிலுவை என்று அழைப்பது சிலுவைக்கு இழுக்கு.

ஆர்டர் ரத்தானால் கம்பெனிக்குள் என்ன நிகழ்கிறது என்பதை வெளியார் அறியமாட்டார்கள். வெட்டி, தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் செய்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய சரக்கு திரும்பக் கீழே கொட்டப்படுகிறது. வெளிநாட்டுக்காரனின் பெயர் பொறித்த லேபிளோடு அதை வேறெங்கும் விற்க முடியாதாகையால், எந்தப் பெண்கள் அந்த லேபிளைக் கழுத்துப் பட்டியில் வைத்துத் தைக்கக் கொடுத்தார்களோ அவர்களே வரிசையாக உட்கார்ந்து சிறு கத்தரியால் தையல் பிரித்து அதை அகற்றுகிறார்கள். பின்பு அந்தச் சரக்கு எங்கள் ஊர் மலிவுச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய், நூல் வாங்கிய விலைகூடக் கட்டாமல் கழிந்துபோகிறது. எங்கள் கம்பெனியிலும் இது நடந்ததுண்டு. தரக்குறைவென்று எதையும் காட்டாமல், தன் நாட்டில் விற்பனை மந்தம் என்ற ஒரே காரணத்தால் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு வியாபாரி பின்வாங்கினான். லேபிள் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலை நிமிராமலே, “அண்ணா, இந்தச் சனிக்கிழமை சம்பளம் உண்டுங்களா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தொழில் நடத்துகிறவனுக்கு வரும் துன்பம் அவனிடமே தங்கியிருக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை. நோயையோ மரணத்தையோ போலன்றி, அதை அடுத்தவன் தோளுக்கு மாற்றிவிடும் வசதி அவனுக்கு உண்டு. வெளிநாட்டு வியாபாரி ஏற்றுமதியாளனிடம் தள்ளுபடி கேட்கிறான். ஏற்றுமதியாளன், கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரனின் பில்லை நிறுத்திவைக்கிறான். பட்டறைக்காரன் தையற்காரனின் பீஸ் ரேட்டைக் குறைக்கிறான். தையற்காரன் வீட்டில் பால் நின்றுபோகிறது. இந்தப் படிக்கட்டின் நடுவே நின்றுகொண்டு, என் சிலுவையை நான் பொறுமையாகச் சுமக்கிறேன் என்று மாதா சுரூபத்தின் முன் ஒருவன் கண்ணீர் விடுவானாயின், அவன் சுமப்பதாகச் சொல்லும் சிலுவை உண்மையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த யாரோ ஒருவருடைய முதுகில் இருக்கிறது. வியாபாரக் கஷ்டத்தில் ஆத்மார்த்தமான பொருள் இருக்குமானால், அது கஷ்டம் ஏன் வந்தது என்ற ஆராய்ச்சியில் கிடைப்பதன்று. வந்ததைக் கீழே தள்ளாமல் நிறுத்திக்கொள்ளும் இடத்தில் கிடைப்பது.

புனித குழந்தை தெரேசம்மாளின் பெற்றோர் என்ற அளவில் நம் மக்கள் அறிந்துள்ள லூயி, செலி மார்ட்டின் தம்பதியர், 2015-இல் புனிதர் பட்டம் பெறுமுன் வியாபாரிகளாக வாழ்ந்தவர்கள். பிரான்சின் அலான்சோன் நகரில் செலி அம்மையார் ஊசிப் பின்னல் லேஸ் தொழிலை நடத்தினார்; லூயி தம் கடிகாரக் கடையை 1870-இல் கைமாற்றிவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையானார். அந்த லேஸ் சிறு சிறு துண்டுகளாக வெவ்வேறு பெண்களின் வீடுகளில் பின்னப்பட்டு, வியாழக்கிழமைகளில் அம்மையாரிடம் வந்துசேரும். துண்டுகளை இணைப்பு தெரியாமல் ஒன்றாக்கும் கடினமான வேலையை அவரே செய்தார். எங்கள் ஜாப் ஒர்க் முறையை அறிந்தவனுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. ஆர்டர் இல்லாத காலத்தில் கவலையும், மிகுந்த காலத்தில் ஓய்வின்மையுமாக அத்தொழில் தம்மை வாட்டுவதை அவருடைய கடிதங்கள் மறைக்கவில்லை. பிரஷ்ய யுத்தத்தில் வியாபாரம் அறவே நின்று, சத்துருப் படையினர் வீட்டுக்குள்ளேயே தங்கினார்கள். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1877-இல் மார்பகப் புற்றுநோயால் மரித்த அந்தத் தாய், நோயுற்ற வேலைக்காரப் பெண்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பக்திப் புத்தகங்கள் இந்தக் குடும்பத்தின் ஜெபங்களை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, அதன் கணக்கு வழக்கை அவசரமாகக் கடந்துபோவது எனக்கு எப்போதும் குறையாகவே பட்டிருக்கிறது.

அர்ஜென்டினா நாட்டு என்ரிக்கே ஷா என்பவரின் விருத்தாந்தம் இன்னும் நேரடியானது. 1921-இல் பாரிஸில் பிறந்து, கடற்படை உத்தியோகத்தை உதறி, ரிகோலோ கண்ணாடித் தொழிற்சாலையின் நிர்வாகத் தலைமைக்கு உயர்ந்த இவர், 1952-இல் கிறிஸ்தவத் தொழிலதிபர்களின் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். தொழில் மந்தத்தால் 1961-இல் சுமார் 1,200 பேரை வேலையிலிருந்து நீக்கவேண்டுமென்று பங்குதாரர் தரப்பு தீர்மானித்தபோது, ஆட்குறைப்பின்றியே நெருக்கடியைத் தாண்டும் திட்டமொன்றை வகுத்து அதற்கு அவர்களை இணங்கவைத்தார். அப்போது அவர் உடலில் புற்றுநோய் முற்றிக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் வேண்டுமென்று கேள்விப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து 260 பேர் வந்து நின்றார்கள்; தம் நாளங்களில் தொழிலாளரின் இரத்தம் ஓடுவதைச் சொல்லிச் சொல்லி அவர் மகிழ்ந்தார். 1962 ஆகஸ்டில் தமது 41-ஆம் வயதில் காலமான அவரை, 2021-இல் போப் பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அவர் மனமிரங்கிச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதோடு இதை முடித்துவிடக் கூடாது; எண்களை எதிர்கொண்டு, திட்டம் வகுத்து, மேலிருந்தவர்களிடம் வாதாடி, பாரம் கீழே இறங்காதபடி இடையில் நின்றார்.

எல்லா நஷ்டத்தையும் முதலாளியே ஏற்றுக்கொண்டால் கம்பெனி மூடப்பட்டு, சனிக்கிழமைச் சம்பளமே எவருக்கும் இல்லாமற்போகுமே என்று அனுபவஸ்தர்கள் ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபம். நடத்த முடியாத தொழிலை மூடுவது பாவமென்று திருச்சபை எங்கும் போதிக்கவில்லை. லாபத்துக்குரிய நியாயமான இடத்தை 1991-இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட நிருபம் தெளிவாகவே அங்கீகரிக்கிறது. ஆனால் மூடுவதிலும், குறைப்பதிலும், கடன் வாங்குவதிலும் ஒரு வரிசைக்கிரமம் இருக்கிறது. கூலிக்காரனின் கூலியை மறுப்பதை, வானத்தை நோக்கி முறையிடும் நான்கு பாவங்களில் ஒன்றாக ஞானோபதேசத்தில் படித்தோம். 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலைமை குறித்து எழுதிய நிருபத்திலும் அதுவே வற்புறுத்தப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டங்கூடக் கலைக்கப்படும் கம்பெனியின் தொழிலாளரது 24 மாத பாக்கியை அடமானக் கடன்காரர்களுக்கு இணையான படியில் வைக்கிறது. சட்டம் அந்த அளவுக்கு வந்திருக்கையில், நற்கருணை வாங்குகிறவன் தன் காரையும் மகளின் கலியாண மண்டபத்தையும் அந்தப் பாக்கிக்கு முன்னே வைப்பது எந்த முறையில் அடங்கும்?

இப்படி நிறுத்திக்கொள்கிறவனுக்குக் கிடைப்பது என்னவென்று கேட்டால், லாபம் என்று சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் கையிருப்பு வைத்துக்கொண்டிருந்த காலத்தில் பரலோக மந்திரத்திலுள்ள அன்றாட உணவுக்கான வேண்டுதலை நான் வாயால் சொல்லிக் கடந்தவன். அடுத்த வாரக் கூலிக்கு வழி தெரியாத இரவுகளிலேதான், எங்கள் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்காரி அதைத் தினமும் எந்தப் பொருளில் சொல்லிவந்தாள் என்பது எனக்குப் புலப்பட்டது. அவளும் நானும் ஒரே பிதாவிடம் ஒரே பொருளைக் கேட்கும் நிலைக்கு வந்தோம். அதற்குமேல் விளக்கம் எனக்கு அருளப்படவில்லை, யோபுவுக்கும் அருளப்படவில்லை.

பங்குக் குருக்களிடம் நான் வேண்டுவது ஒன்றுண்டு. திருநாளுக்குத் தேர் செய்து கொடுத்தவன் பெயரைப் பளிங்கில் பொறிக்கிறோம்; கடனில் மூழ்கிக் கடைசிப் பெஞ்சுக்குப் பின்வாங்கியவன் வீட்டுக்கு எவரும் போவதில்லை. வின்சென்ட் தே பால் சபையார் ஏழைகளைச் சந்திப்பதுபோல அவனையும் சந்திக்கட்டும். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாக ஆத்தும சோதனைக் கைப்பிரதி கொடுக்கிறார்களே, அதில் தொழில் நடத்துவோருக்கென ஒரு பக்கம் சேர்க்கட்டும்: சென்ற சனிக்கிழமை எவருடைய கூலி நின்றது, சட்டம் சிறு பட்டறைகளுக்குக் குறித்த 45 நாள் தவணையைத் தாண்டி யாருடைய பில் உன் மேசையில் கிடக்கிறது, உனக்கு வந்த தள்ளுபடி நெருக்கடியில் எத்தனை பங்கை உன் வீட்டுச் செலவில் குறைத்தாய், எத்தனை பங்கைத் தையல் கூலியில் குறைத்தாய், அந்தக் குறைப்பின் காரணத்தை அவர்களை உட்காரவைத்துக் கணக்கோடு சொன்னாயா.