வெற்றுத் தாங்கிகளுக்கு ஒரு நாட்டுப்பற்று

திருகோணமலை சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே இவை இடம்பெற்றன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி.க்குக் குத்தகையாகின. அன்றிலிருந்து இவற்றை மீட்கப்போவதாக மேடைகளில் முழங்கியோர் பலர். தாங்கி யாருடையது என்பதே அவர்களின் கேள்வி. உள்ளே எத்தனை நாளுக்கான எண்ணெய் இருக்கிறது என்று எந்த மேடையிலும் ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை.

2020 ஏப்ரலில், கொரோனாவால் உலகில் எண்ணெய் வாங்க ஆளில்லை. 20ஆம் திகதி அமெரிக்கச் சந்தையில் விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. இந்தியா என்ன செய்தது? விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் நிலத்தடியே குடைந்துவைத்த 53.3 இலட்சம் தொன் கொள்ளளவை, பீப்பாய் சராசரியாக 19 டொலர் விலையில் நிரப்பிக்கொண்டது. நமது அரசோ உள்ளூர் விலையைக் குறைக்காமல், மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு ஒரு நிதியம் அமைப்பதாக அறிவித்தது. சீனக்குடாவின் மேல் தொகுதித் தாங்கிகளோ காடு மண்டிக் கிடந்தன.

டொலர் இல்லாததால்தான் 2022 நேர்ந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் சேமிப்பு என்பது கையில் டொலர் இருக்கும்போது வாங்கிவைப்பதல்லவா? 2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். அதற்கு முன்பே, மார்ச்சில், வரிசையில் நின்ற முதியவர்கள் சுருண்டு விழுந்து இறந்திருந்தனர்.

பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் இருப்பது வியாபாரச் சரக்கு. இரண்டு கப்பல் பிந்தினால் தீர்ந்துவிடும். சேமிப்பு வேறு. 1973இன் அரபு எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1975இல் அமெரிக்கா அதற்கெனச் சட்டமே இயற்றியது. யார், எந்த நிலையில் திறக்கலாம் என்பது அதில் உண்டு. டீசல் நெடுங்காலம் கிடந்தால் கெடும் என்பதால், பழையதை விற்றுப் புதியதை நிரப்பும் ஒழுங்கும் வேண்டும். (தேர்தலுக்கு முதல்நாள் திறந்துவிடாதிருக்கப் பூட்டும் வேண்டும்!)

2022 ஜனவரி உடன்பாட்டில் 24 தாங்கிகள் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 61 கூட்டுக் கம்பனிக்கும் போயின. 2025 ஏப்ரலில் இந்தியாவுடனும் ஐக்கிய அரபு அமீரகத்துடனும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடு கைச்சாத்தானது. மையம் வரட்டும். அந்த 24இல் நான்கையேனும் திருத்தி, நிரப்பி, மக்களின் சேமிப்பு என்று சட்டம்போட்டுப் பூட்டுவதற்கு எவருடைய கையொப்பத்துக்குக் காத்திருக்கிறீர்கள்?