ஒரு வெள்ளிக்கு எத்தனை மணி நேரம்?

போன மாதம் காலை நிகழ்ச்சியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: “அரசாங்க ஆஸ்பத்திரியில் கடைசியாக எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?” ஏழரைக்குக் கேட்டது, ஒன்பது மணி வரைக்கும் வாட்ஸ்அப் ஓயவில்லை. சாதாரணமாக பெட்ரோல் விலையைப் பற்றிக் கேட்டால்தான் இத்தனை பேர் பேசுவார்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அம்மா. காய்ச்சலில் துவண்டு போன மகனோடு இரவு பத்து மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். டாக்டர் முகத்தைப் பார்க்கும்போது விடியற்காலை மூன்று மணி. அடுத்த குரல் பதிவு பாயா தெருபோங்கில் கிராப் ஓட்டும் ஒருவருடையது. அவருடைய அப்பாவுக்கு நெஞ்சு வலி. நம்பர்கூட எடுக்கவில்லை, வாசலிலிருந்தே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கே இருதயக் குழாயில் இருந்த அடைப்பை நீக்கியிருக்கிறார்கள். “அவங்க இல்லன்னா இன்னைக்கு எங்கப்பா இல்லண்ணே” என்றவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

இரண்டும் உண்மைதான். அவசரப் பிரிவில் வரிசை என்பது வந்த நேரத்தைப் பொறுத்தது அல்ல. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயின் கடுமையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பச்சை என்றால் உயிருக்கு ஆபத்தில்லை, காத்திருக்கலாம் என்று அர்த்தம். ஒரு வகையில் நல்ல சேதி. ஆனால் அதை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, தமிழில் மட்டுமல்ல, எந்த மொழியிலும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தனக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போவதை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வந்த கோபமான பதிவுகளில் பாதி இதுதான்: “பின்னால வந்தவங்கள முன்னால விட்டுட்டாங்க.” இரண்டு நிமிட விளக்கம் ஐந்து மணி நேரத்தைக் குறைக்காது, கோபத்தைக் குறைத்திருக்கும்.

நிபுணத்துவ கிளினிக்கில் காத்திருப்பது வேறு கதை. ரெசிடென்சி சாலையில் இருக்கும் நம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜார்ஜ்டவுன்காரர்கள் மட்டும் வருவதில்லை. கெடா, பெர்லிசிலிருந்தும் அனுப்பி வைக்கிறார்கள். எட்டு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் ஆறரைக்கே வந்து கார் பார்க் தேடுகிறோம். எல்லாரும் ஆறரைக்கு வந்தால் பத்து மணிக்காரர் எங்கே உட்காருவார்? ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்த இனிப்பு நீர்க்காரர்கள் வேறு. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அந்த நாற்காலிகளில் நம் முகங்கள் நிறையத் தெரிவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

கட்டணம் என்னவோ சாதாரண நோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணருக்கு 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி. உலகில் பல நாடுகள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஆனால் நாள் சம்பளக்காரருக்கு அந்த 5 வெள்ளியோடு ஒரு நாள் கூலியும் போகிறது. அம்மாவைக் கூட்டிவந்த மகனுக்கு ஆண்டு விடுப்பில் ஒரு நாள் போகிறது. இந்தக் கணக்கு எந்த ரசீதிலும் வராது.

இதே ஊரில் இன்னொரு வரிசையும் உண்டு. மேடானிலிருந்து விமானம் ஏறி வந்து, தனியார் மருத்துவமனையில் காலையில் ஸ்கேன் எடுத்து, மாலையில் முடிவை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, பினாங்குக்கு வருமானம். கம்பெனி மெடிக்கல் கார்டு இருக்கும் நம் இளைஞர்களும் அந்தப் பக்கம்தான் பழகியிருக்கிறார்கள். அந்தக் கார்டு எவ்வளவு நாளைக்கு? பிரீமிய உயர்வு தாங்க முடியாமல் போய், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. கார்டை நிறுத்திவிட்டோம் என்று எழுதிய குடும்பங்கள் எங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கின்றன. அவர்களும் இனி ஒரு வெள்ளி வரிசைக்குத்தான் வருவார்கள்.

அந்த வரிசையின் மறுமுனையில் இருப்பவர் யார்? 2016 டிசம்பரிலிருந்து இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்தது நினைவிருக்கும். சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. புதுக் கட்டடம் கட்டுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதில் உட்காரப் போகிற டாக்டரைப் பற்றியும் பேசினால் நல்லது.

மருந்துக்கான காத்திருப்பை மட்டுமாவது குறைத்துவிட முடியும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. இங்கேயும் வழி இல்லாமல் இல்லை: தபாலில் மருந்து, காரிலிருந்தபடியே வாங்கும் கவுண்டர், வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மாதாமாதம் வாங்கிக்கொள்ளும் ‘எஸ்பியுபி’ முறை. மருந்தகக் கவுண்டரில் நாமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று கடைசியாக வந்த பதிவு பாலிக் புலாவ் பாட்டி ஒருவருடையது. மாத்திரை வாங்க மாதாமாதம் இரண்டு பஸ் ஏறி டவுனுக்கு வந்துகொண்டிருந்தாராம். போன வருஷம் பேத்தி கவுண்டரில் விசாரித்திருக்கிறாள். இப்போது பாலிக் புலாவ் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்கிறார். “நாலு வருஷம் பஸ்ஸுல போனேன்ய்யா, ஒருத்தரும் சொல்லல” என்றார். பிறகு, அவர் கேட்டிருந்த எம்.ஜி.ஆர். பாட்டை எப்போது போடுவீர்கள் என்று விசாரித்தார்.